மாதங்கி எழுதிய பதில்

என் மனைவி மாதங்கிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று வாயைத் திறப்பதில்லை. முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் புரிந்தபாடில்லை. பல்கலைக்கழகத்தில் வேலை என்றதும் "புரொபசரா?" என்று முகம் மலர்வார்கள். இல்லை என்றால் "ஓ, ஆபீஸா" என்று அதே முகம் வாடிவிடும். விசிட்டிங் கார்டில் துணைப் பதிவாளர், அரசுத் தொடர்பு என்று போட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அரசாங்கத்திடம் ஏதாவது வேண்டுமென்றால் போய்க் கால் கடுக்க நிற்பவள் இவள். அரசாங்கத்துக்குப் பல்கலைக்கழகத்தின்மேல் கோபம் வந்தால் அதைக் கேட்டுக்கொள்பவளும் இவள்தான். இரண்டு பக்கத்தாரும் இவளை மற்றவரின் ஆள் என்றே நினைத்து வந்தார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது மறுப்பு எழுத வேண்டிவரும், அந்த வேலையும் கடைசியில் இவள் மேஜைக்கே வந்து சேரும்.

மாதங்கி செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரி. அவர் ரிடையர் ஆகும்போது நான் டிரெய்னி. எங்கள் இரண்டு குடும்பமும் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவை என்பதைத் தவிர எங்கள் கல்யாணத்துக்கு வேறு காரணம் கிடையாது. அவள் தெலுங்கில் சண்டை போடுவாள், ஆட்டோக்காரரிடம் தக்கனி உருதுவில் பேரம் பேசுவாள், வீட்டுக்குள் வந்தால் அவள் அம்மா பேசிய தமிழ். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குச் சேர ஆசைப்பட்டாள். இடம் கிடைத்தது, உதவித்தொகைக்கான அரசு உத்தரவு மட்டும் எட்டு மாதமாகியும் வரவில்லை. காத்திருந்து அலுத்துப்போய் அதே பல்கலைக்கழகத்தில் ஜூனியர் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தாள். மற்றவர்களின் ஆராய்ச்சிக்கு உத்தரவு வாங்கித் தருவதே பிழைப்பாகிவிட்டது.

அவளைப் பதவியில் ஏற்றிவிட்டது சட்டசபைக் கேள்விகள். அந்தக் கேள்விகள் எப்படிப் பயணம் செய்கின்றன என்று வெளியில் பலருக்குத் தெரியாது. ஒரு எம்.எல்.ஏ. கேள்வி கொடுக்கிறார். அது மந்திரியின் பேஷிக்குப் போகும். மந்திரியின் அலுவலகத்துக்கு இங்கே அதுதான் பெயர். பேஷியிலிருந்து செக்ரட்டரிக்கு, அவரிடமிருந்து செக்‌ஷனுக்கு, அங்கிருந்து பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, பதிவாளரிடமிருந்து மாதங்கிக்கு. இறங்கி வர ஒன்பது நாள் ஆகும். பதில் மட்டும் இரண்டு மணி நேரத்தில் வேண்டும். அவள் எழுதியது அதே படிகளில் ஏறிப்போய், ஒருநாள் காலை சபையில் மந்திரி எழுந்து நின்று வாசிப்பார். டிவியில் காட்டினால் நான் கூப்பிடுவேன்.

"மாதங்கி, சீக்கிரம் வா! ஒன் வாக்கியம் கோட்டு போட்டுண்டு நிக்கறது பாரு."

வந்து நின்று, நிறுத்த வேண்டிய இடத்தில் மந்திரி நிறுத்தினாரா என்று மட்டும் கவனித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவளுக்கு மூன்று சட்டம் உண்டு. பொய் எழுதக் கூடாது. எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பதிலைப் படித்து முடித்தபின் மேற்கொண்டு கேட்க ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. விடுதியில் தண்ணீர் வருவதில்லையாமே என்று ஒருவர் கேட்டார். "தண்ணீர் வசதியை மேம்படுத்தும் நடவடிக்கைகள் தொடர்ந்து மேற்கொள்ளப்பட்டு வருகின்றன" என்று எழுதினாள். பொய் இல்லை. விடுதி வார்டன் தினமும் காலையில் மோட்டாரைப் போய்த் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேள்விகளில் அ, ஆ, இ, ஈ என்று உட்பிரிவுகள் இருக்கும். முதல் இரண்டுக்குச் சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டால் மற்ற இரண்டுக்கும் "இக்கேள்வி எழவில்லை" என்று போட்டு முடித்துவிடலாம். பதிலோடு இன்னொரு தாளும் போகும், துணைக் கேள்விக்கான குறிப்பு என்று. எம்.எல்.ஏ. எழுந்து மேலே குடைந்தால் மந்திரி அதைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். விஷயம் எல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும், பதிலில் இருக்காது.

அவள் எழுதிய பதில் ஒன்றுகூட விளக்கம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. செக்ரடேரியட்டில் அவளுக்கு அதற்காகவே மரியாதை. நான் சும்மா இருப்பேனா? "ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாமப் பாத்துக்கறதுக்கு ஒனக்குச் சம்பளம்" என்பேன். "கொஞ்சம்தான்னா" என்பாள்.

ஐம்பத்தைந்தில் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவளுக்கு டிரைவர் ஆனேன். சைனிக்புரி வீட்டிலிருந்து தார்நாகா வழியாக ஊர்வலம் மாதிரி நகர்ந்து டாங்க் பண்ட் பக்கம் செக்ரடேரியட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அவள் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போவாள், நான் காரில் உட்கார்ந்து குறுக்கெழுத்து போடுவேன். அதனால்தான் இந்தக் கதையில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன்.

வித்யாலட்சுமியின் ஆய்வுக்கூடம் பற்றிய கோப்பு அவளிடம் வந்தது போன வருஷம் ஆகஸ்டில். டாக்டர் வித்யாலட்சுமி அங்கே பேராசிரியை, செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளியின் மகள். நாச்சாரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சின்னச் சின்னப் பட்டறைகளில் பிரஸ் மெஷின்கள் ஓடுகின்றன. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடி அடியென்று அடிக்கும் யந்திரங்கள். அதில் வேலை செய்கிற அறுநூற்று நாற்பது பேரின் காதுகளை வித்யாலட்சுமி வருஷம் தவறாமல் சோதித்து வந்தாள். பதினைந்து வருஷ ஆய்வு, பதினோரு வருஷம் முடிந்திருந்தது. எத்தனை சத்தம் எத்தனை வருஷத்தில் காதைப் பறிக்கிறது என்று அது முடிந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதை வைத்துத்தான் பட்டறைகளுக்கு விதி எழுத முடியும். நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனாலும் வரிசை அறுந்துவிடும். இந்த ஆய்வுக்கு நான்கு தற்காலிகப் பணியிடங்கள். ஒவ்வொரு வருஷமும் மார்ச் முடிவதற்குள் அரசு நீட்டிப்பு உத்தரவு தர வேண்டும். போன வருஷம் நிதித்துறை, இது இன்னும் எதற்கு என்று கேட்டுக் கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டது.

கோப்புக்கு விவரம் எடுப்பதற்காக மாதங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். பட்டறைக்காரர்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை, அதனால் சோதனையும் ஞாயிற்றுக்கிழமைதான். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான், ஒலி கேட்டால் அமுக்க வேண்டும். இவளையும் உட்கார வைத்துப் பார்த்தார்களாம்.

அங்கேதான் அப்துல் ரஹீமைச் சந்தித்தாள். இருபத்து மூன்று வருஷம் பிரஸ்ஸில் நின்றவர். இடது காது முழுக்கப் போய்விட்டது, வலதில் பாதி மிச்சம். இனி ஒரு வருஷம் நின்றாலும் அதுவும் போய்விடும் என்று வித்யாலட்சுமி அவரைப் பட்டறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து தன் நான்கு பணியிடங்களில் ஒன்றைக் கொடுத்திருந்தாள். அறுநூற்று நாற்பது பேரில் யார் எந்தப் பட்டறைக்கு மாறினார்கள், யார் எந்தச் சந்தில் குடியிருக்கிறார்கள் என்று அவருக்கு மனப்பாடம். அவர் போய்க் கூப்பிட்டால்தான் வருவார்கள். எதிராளியின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வார்.

"பேட்டீ போல்தீ ஸோ சமஜ் மே நை ஆதா மேடம். பீவீ சில்லாயே தோ பராபர் ஆதா" என்று அவர் இவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மகள் பேசுவது புரிவதில்லை, பெண்டாட்டி கத்துவது மட்டும் நன்றாகக் கேட்கிறதாம். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னாள்.

"இத்தனை வருஷமா எத்தனையோ ஃபைல் பாத்தாச்சு. இது ஒண்ணு நடந்தாத் தேவலைன்னு இருக்கு."

நான் அவளை ஆச்சரியமாகப் பார்த்தேன். கோப்புக்காக அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நடந்தால் சரி, நடக்காவிட்டால் அடுத்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை பதினேழு தடவை செக்ரடேரியட் போனோம். நான்தான் ஓட்டினேன், எனக்குத் தெரியும். அங்கே செக்‌ஷன் ஆபீசர் யாதகிரி. நல்ல மனிதர், இவளுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுப்பார். கோப்பைப் பற்றிக் கேட்டால், "சாவலேது, பதகலேது மேடம்" என்பார். சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. பதினேழாவது தடவை அவரே ஒரு வழி சொன்னார். சபையில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் கோப்பு தானாக மேலே வந்துவிடும், மந்திரி பரிசீலிக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நீட்டிப்பு உத்தரவு போட்டுவிடலாம் என்றார்.

ஆயுள் முழுக்கக் கேள்விகளின் வாயை அடைத்தவள் அன்று முதல்தடவையாக ஒரு கேள்வி எழுத உட்கார்ந்தாள். எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான். ஒரு எம்.எல்.ஏ.வின் உதவியாளர் இவளுக்குப் பழக்கம். அவர் மூலம் கொடுப்பதாக ஏற்பாடு. எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். பட்டறைத் தொழிலாளர்களின் செவித்திறன் ஆய்வு ஒன்று நடந்து வருவது உண்மையா. அதன் நான்கு பணியிடங்கள் மார்ச் முப்பத்தொன்றோடு முடிவது உண்மையா. அவற்றை நீட்டிக்க அரசுக்கு எண்ணம் உண்டா. இல்லையென்றால் ஏன்.

"இவ்வளவு நேரா எழுதத் தெரியுமா ஒனக்கு?" என்றேன்.

வெட்கத்தோடு சிரித்தாள். எம்.எல்.ஏ. எழுந்து கேட்க வேண்டிய துணைக் கேள்வியையும் அவளே எழுதினாள். கேள்வி ஏற்கப்பட்டு, மந்திரி நேரில் நின்று பதில் சொல்ல வேண்டிய பட்டியலில் இடம் பிடித்தது என்று செய்தி வந்த அன்று சேமியா பாயசம் வைத்தாள். ரஹீமுக்கும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள்.

கேள்வி வழக்கம்போல இறங்கி வந்தது. மார்ச் இரண்டாவது வாரம், காலை பதினோரு மணிக்கு அவள் மேஜைமேல் வைத்தார்கள். ஒரு மணிக்குள் பதில் வேண்டும். அன்று பிற்பகல் அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நானும் அந்த அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவள் வித்யாலட்சுமியைக் கூப்பிட்டு அனுப்பினாள். பதிவாளர் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவர் இருமுவதுகூட எங்களுக்குக் கேட்டது.

"மேடம், நேரா எழுதிடுங்களேன்" என்றாள் வித்யாலட்சுமி. "ஆள் இல்லைன்னா ஆய்வு நின்னுபோயிடும். ஒரே ஒரு வரி."

"அப்படி எழுதினா ரெஜிஸ்ட்ரார் கையெழுத்துப் போட மாட்டார்மா. நம்ம ஆய்வை நம்மால நடத்த முடியலைன்னு நாமளே சபையில ஒத்துண்ட மாதிரி ஆயிடும்."

"உண்மைதானே மேடம்?"

"உண்மை குறிப்புல இருக்கட்டும். அதுல எல்லாத்தையும் கொட்டிடறேன், பாரு. எம்.எல்.ஏ. எழுந்து கேப்பார், மந்திரி குறிப்பைப் பாத்துப் பரிசீலிக்கறோம்னு சொல்லுவார். நமக்கு அது போறும். பதில் அடக்கமா இருந்தாத்தான் மேல போகும்."

வித்யாலட்சுமி காதுகளைப் பற்றித் தெரிந்தவள், கோப்புகளைப் பற்றி மாதங்கிக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

மாதங்கி எழுதினாள். முதல் பிரிவுக்கு, ஆம். இரண்டாவதற்கு, பணியிடங்களின் காலம் முடிவடைகிறது, எனினும் பல்கலைக்கழகம் தன்னிடமுள்ள பணியாளர்களைக் கொண்டு ஆய்வைத் திருப்திகரமாக நடத்தி வருகிறது. மூன்றுக்கும் நான்குக்கும், எழவில்லை. பொய் கிடையாது. தன்னிடமுள்ள பணியாளர்கள் என்றால் அந்த நான்கு பேர்தான், அன்றைய தேதியில் அவர்கள் இருந்தார்கள். குறிப்பு மட்டும் ஒன்றரைப் பக்கம். பதினோரு வருஷம், அறுநூற்று நாற்பது பேர், வரிசை அறுந்தால் என்ன ஆகும் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது. அவள் எழுதியதிலேயே மிக நல்லது அந்த ஒன்றரைப் பக்கம் என்று நான் இன்றும் சொல்வேன். மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே அனுப்பினாள். பதிவாளர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கும் எல்லாம் சரியாகத்தான் பட்டது. பல் டாக்டரிடம் போனோம்.

சபையில் அந்தக் கேள்விக்கு ஒன்பதாவது இடம். காலை பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம். அவள் லீவு போட்டிருந்தாள், அதுவே அதிசயம். முதல் கேள்வி ஏதோ நீர்ப்பாசனத் திட்டம். அதிலேயே இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள். காகிதம் பறந்தது. சபாநாயகர் உட்காருங்கள், உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேள்வி நேரம் முடிவதற்குள் மூன்றாவது கேள்விகூட வரவில்லை. மீதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப்பட்டதாகக் கொள்ளலாம், பதில்கள் சபையின் மேஜைமேல் வைக்கப்படுகின்றன என்று சபாநாயகர் ஒரு மூச்சில் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

யாரும் எழுந்து எதுவும் கேட்கவில்லை. மந்திரி குறிப்பைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒன்றரைப் பக்கமும் ஏதோ ஓர் உறைக்குள் கிடந்தது. சபையின் மேஜைக்குப் போனது அந்த அடக்கமான பதில் மட்டும்தான்.

"ஒம்பதாவது வரவே இல்லையே" என்றாள் மாதங்கி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

யாதகிரி சொன்னது பலித்தது. கேள்வி கேட்டதும் கோப்பு மேலே வந்தது. ஏழு மாதமாக அசையாதது எட்டே நாளில் நிதித்துறைக்குப் போய்த் திரும்பியது. அதில் இரண்டு வரி. பல்கலைக்கழகம் தன்னிடமுள்ள பணியாளர்களைக் கொண்டே ஆய்வைத் திருப்திகரமாக நடத்திவருவதாகச் சபையில் தெரிவிக்கப்பட்டுள்ளதால் நீட்டிப்புக்கு அவசியம் இல்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.

அன்று நானும் அவளோடு செக்ரடேரியட்டுக்கு உள்ளே போனேன். அவள் நடந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை, தனியாக விட மனம் வரவில்லை. பதிலைத் திருத்த வழி உண்டா என்று யாதகிரியைக் கேட்டாள். சபையில் வைத்த பதிலைத் திருத்த வேண்டுமென்றால் மந்திரியே எழுந்து, முன்னால் சொன்னது தவறு என்று அறிக்கை தர வேண்டும். நான்கு தற்காலிகப் பணியிடங்களுக்காக எந்த மந்திரி அதைச் செய்வார்? யாதகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீ டிராஃப்டே கதா, மேடம்?" உங்கள் டிராஃப்ட்தானே என்றார். குத்திக்காட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

"ஹவ்" என்றாள் மாதங்கி. ஆமாம் என்று அவ்வளவுதான்.

காரில் ஏறியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒன்னை யார் அப்படி எழுதச் சொன்னா? வித்யாலட்சுமி எதிர்ல ஒக்காந்துண்டு தலைபாடா அடிச்சுண்டாளே. ஒரு வரி. ஒரே ஒரு வரி. எல்லார் வாயையும் அடைச்சுப் பழகிப் பழகி, ஒன் வாயையே அடைச்சுண்டுட்டே."

பேசியிருக்கக் கூடாது. அன்று அந்த அறையில் நானும்தான் உட்கார்ந்து அந்தப் பதிலைப் படித்தேன், தலையாட்டினேன். ஆனால் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

தார்நாகா சிக்னலில் அவள் பேசினாள்.

"ரெஜிஸ்ட்ரார் பக்கத்து ரூம்லதான் இருந்தார். போட மாட்டார்னு நானே சொல்லிட்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை கேக்கவே இல்லை."

"கேட்டிருந்தா போட்டிருப்பாரா?"

"தெரியலை. போட்டிருக்கலாம். அவர் எதையும் படிக்கறதே இல்லைன்னா."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். எனக்குக் கியர் போட ஓடவில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஆய்வுக்கூடத்தைப் பூட்டினார்கள். மாதங்கி போயிருந்தாள். வித்யாலட்சுமி திட்டவில்லை. "உங்க மேல கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். பரிசோதனை செய்த இரண்டு பெண்களும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். டெக்னீஷியன் ஊருக்குப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரியாமல் நாற்பது பேர் சோதனைக்கு வந்து நின்றார்களாம். ரஹீம் சம்பளம் இல்லாத ஆளாக வாசலில் நின்று, ஒவ்வொருவர் முன்னாலும் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பினாராம். மொத்தமாகக் கத்திச் சொன்னால் பாதிப் பேருக்குக் கேட்காது.

மே மாதம், வெயில் தாழ்ந்த நேரம், ரஹீம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, ஐம்பத்தொரு வயசு. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மாதங்கி அவருக்கு நேர் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தாள். அந்த ஜாக்கிரதையை அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

இரண்டு மாதமாக வேலை தேடியிருக்கிறார். வாட்ச்மேன் வேலைக்குக் காது வேண்டும். கடைகளில் நிற்கக் காது வேண்டும். கடைசியில் பழைய பட்டறை முதலாளியே பிரஸ்ஸில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். ஆனால் இத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் காது நன்றாக இருக்கிறது என்று இருக்க வேண்டும். பின்னால் யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு.

"ரஹீம் பாய், பச்சா ஸோ கான் பீ ஜாயேகா" என்றாள் மாதங்கி. மிச்சமிருக்கிற காதும் போய்விடும்.

"மாலூம் மேடம். கர்னா க்யா?" தெரியும், என்ன செய்ய என்றார். மகளுக்கு அந்த வருஷம்தான் இன்டர்மீடியட், அதாவது பிளஸ் டூ, முடிந்திருந்தது; அடுத்து கல்லூரிச் செலவு.

அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, ஒவ்வொரு சொல்லாக, உருதுவில் சொன்னாள். சபையில் வைத்த அந்தப் பதிலை எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான் என்றாள். ரஹீம் அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் மேடம் முன்பே சொல்லிவிட்டார் என்றார். அதனால்தான் இங்கே வந்தேன், நீங்கள் எழுதினால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாமே என்றார். பொடி வைத்துப் பேசவில்லை. உதவி கேட்டு வந்த இடத்தில் மரியாதையாகச் சொன்ன சொல் அது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது எழுதிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட தாளும் முத்திரையும் அவள் பையில் எப்போதும் இருக்கும். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் கொடுத்தாள். ரஹீம் அதை உறைக்குள் வைத்து, நெற்றியில் தொட்டுக்கொண்டு, "படீ மெஹர்பானீ" என்று நன்றி சொல்லி ஸ்கூட்டரை உதைத்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை நான் பொறுத்தேன்.

"காது நன்னா இருக்குன்னு எழுதினயா?"

"ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த காலம் முழுவதும் அவருடைய செவித்திறன் பணிக்கு எவ்விதத்திலும் இடையூறாக இருந்ததில்லைன்னு எழுதினேன்."

"பொய் இல்லை."

"பொய் இல்லை" என்றாள். முத்திரையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "கேட்டவா என்ன கேட்டாளோ அதை நான் எழுதிக் குடுத்தது, என் சர்வீஸ்லயே இதுதான் முதல் தடவைன்னா."

அப்புறம் அழுதாள். முப்பத்தோரு வருஷத்தில் வேலை விஷயமாக அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி சான்றிதழைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ரஹீம் பிரஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார்.